முதல் ரேட்டிங் அறிக்கையைத் திறக்கும் முன்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரமே டிவி ரேட்டிங் அறிக்கை, அதாவது ஒரு நிகழ்ச்சியை எத்தனை சதவீதம் பேர் பார்த்தார்கள் என்ற அறிக்கை, எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. மென்பொருளைத் திறந்து காட்டினார்கள், எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த அட்டவணை வரும் என்று சொன்னார்கள். அந்த எண்கள் எப்படி வருகின்றன என்று யாரும் சொல்லவில்லை. ஒரு நிகழ்ச்சி 1.2-லிருந்து 0.8-க்கு இறங்கியிருந்தது. "மூன்றில் ஒரு பங்கு பார்வையாளர்கள் போய்விட்டார்கள்" என்று எழுதி அனுப்பினேன். அந்த நிகழ்ச்சியின் நேரத்தை மாற்றிவிட்டார்கள்.

நாலு மாதம் கழித்துத்தான் அந்த அட்டவணையின் கடைசி வரியைப் பார்த்தேன். நான் எடுத்திருந்த வயதுப் பிரிவில், அந்த வட்டாரத்தில், அளவீட்டுக்கு அடிப்படையாக இருந்தவர்கள் 150 பேர். 150 பேரில் 0.4 சதவீதம் என்பது ஒரு முழு ஆள்கூட இல்லை. நான் சரிவு என்று எழுதியது சரிவே இல்லை. அந்த நிகழ்ச்சிக்காக உழைத்தவர்களை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது. உங்களுக்கு அப்படி நேராமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

சேனலில், தயாரிப்பு நிறுவனத்தில், விளம்பர நிறுவனத்தில் என்று எங்கே சேர்ந்திருந்தாலும் இந்த வரிசையிலேயே போங்கள்.

1. மென்பொருளுக்கு முன்னால் ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள்

அளப்பது யார் என்பது முதல் கேள்வி. சில நாடுகளில் சேனல்களும் விளம்பரத் துறையும் சேர்ந்து ஒரு பொது அமைப்பை நடத்துகின்றன. பிரிட்டனின் பார்ப், இந்தியாவின் பார்க் இந்த வகை. அமெரிக்காவில் நீல்சன் ஒரு தனியார் நிறுவனமாகவே அளந்து விற்கிறது. யாராக இருந்தாலும் சந்தாதாரர்களுக்கென்று ஆவணங்கள் வைத்திருப்பார்கள். உங்கள் அலுவலகத்தில் யாரோ ஒருவருடைய மின்னஞ்சலில் அவை தூங்கிக்கொண்டிருக்கும். தேடி எடுக்க வேண்டியவை:

அளவீட்டு முறை விளக்கம். மாதிரி வீடுகளை (எல்லா வீடுகளுக்கும் பதிலாக அளக்கப்படும் சில வீடுகளை) எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், "பார்ப்பது" என்றால் என்ன, விருந்தினரை எண்ணுகிறார்களா, வீட்டுக்கு வெளியே பார்ப்பது சேருமா என்பதெல்லாம் இதில்தான் இருக்கும்.

மக்கள்தொகை மதிப்பீட்டு அட்டவணை. துறையில் இதை 'யூனிவர்ஸ்' என்பார்கள். டிவி உள்ள வீடுகள் எத்தனை, அவற்றில் எந்த வயதில் எத்தனை பேர் என்ற கணக்கு. தனியாக நடத்தும் ஒரு பெரிய கணக்கெடுப்பிலிருந்து இது வருகிறது.

மாதிரிக் குழுவின் அளவு அறிக்கை. ஒவ்வொரு பிரிவிலும் இந்த வாரம் உண்மையில் எத்தனை பேருடைய தரவு கிடைத்தது என்பது. நான் பார்க்கத் தவறியது இதைத்தான்.

பயன்பாட்டு விதிகள். எந்த எண்ணை வெளியே சொல்லலாம், எப்படிச் சொல்ல வேண்டும் என்பது.

தணிக்கை நிலை. அமெரிக்காவில் எம்ஆர்சி என்ற அமைப்பும் பிரான்சில் சிஇஎஸ்பி என்ற அமைப்பும் அளவீடுகளைத் தணிக்கை செய்கின்றன. இதைச் சடங்கு என்று நினைக்காதீர்கள். நீல்சனின் தேசிய அளவீட்டுக்கு எம்ஆர்சி கொடுத்திருந்த அங்கீகாரம் 2021 செப்டம்பரில் நிறுத்திவைக்கப்பட்டு 2023-ல்தான் திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்து எண்களை யாராவது உங்களிடம் நீட்டினால் இந்தத் தகவல் தேவைப்படும்.

2. வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

மாதிரி வீட்டு டிவியோடு ஒரு மீட்டர் இணைந்திருக்கும். டிவியில் எந்தச் சேனல் ஓடுகிறது என்பதை அது தானாகவே கண்டுபிடிக்கும். இரண்டு வழிகள் பரவலாக இருக்கின்றன. ஒன்று, சேனல் ஒளிபரப்பும்போதே ஒலிக்குள் காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டைப் புதைத்து அனுப்புவது, இது வாட்டர்மார்க். மற்றது, வீட்டில் கேட்கும் ஒலியின் சிறு துணுக்கை எடுத்து, எல்லாச் சேனல்களின் ஒலிப்பதிவோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது. கைரேகை ஒப்பிடுவதைப் போல.

டிவி ஓடுவது மீட்டருக்குத் தெரியும். யார் பார்க்கிறார்கள் என்பது தெரியாது. அதற்காக ஒரு ரிமோட் கொடுத்து, வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான் ஒதுக்கியிருப்பார்கள். உட்காரும்போது அழுத்த வேண்டும், எழுந்து போகும்போது மறுபடி அழுத்த வேண்டும். விருந்தாளிக்கும் ஒரு பொத்தான் உண்டு, வயதும் பாலினமும் கேட்கும். பீப்புள் மீட்டர் என்பது இதுதான். அமெரிக்காவில் தேசிய அளவீடு 1987-ல் இதற்கு மாறியது.

இங்கே இருக்கும் பலவீனம் மனிதனுடையது. சமையலறைக்கு எழுந்து போனவர் பொத்தானை அழுத்தியிருக்க மாட்டார், பார்ப்பதாகவே பதிவாகும். இன்னொரு வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் யாருமே பார்ப்பதாகப் பதிவாகியிருக்காது. இப்படிப்பட்ட வீடுகளின் தரவை அன்றைக்கு என்ன செய்கிறார்கள், விலக்கிவிடுகிறார்களா என்று முறை விளக்கத்தில் தேடிப் படியுங்கள். குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளில் வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். நாலு வயதுக் குழந்தை பொத்தானை நினைவாக அழுத்தும் என்று எதிர்பார்க்க முடியாதே.

இன்னொன்று. கேபிள் பெட்டிகளிலிருந்தும் இணைய டிவிகளிலிருந்தும் நேரடியாக வரும் தரவு கோடிக்கணக்கில் இருக்கிறது. ஆனால் பெட்டிக்கு ஆளைத் தெரியாது. டிவியை அணைத்த பிறகும் பெட்டி ஓடிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் இவ்வளவு பெரிய தரவு வந்த பிறகும் மாதிரி வீடுகளைக் கைவிடாமல் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

3. ஒரு ஆள் எத்தனை பேருக்காக நிற்கிறார் என்று கணக்குப் போடுங்கள்

ஒரு பிரிவில் 20 லட்சம் பேர் இருக்கிறார்கள், மாதிரியில் 400 பேர் என்றால், ஒருவர் 5,000 பேருக்காக நிற்கிறார். இது அவருடைய எடை. ஒரு நாள் 320 பேருடைய தரவு மட்டும் சரியாக வந்தால், எடை 6,250 ஆகிவிடும். நடைமுறையில் வயது, பாலினம், வட்டாரம், வீட்டின் அளவு என்று பலவற்றையும் ஒரே நேரத்தில் சமன்செய்து ஒவ்வொருவருக்கும் தனித்தனி எடை தருகிறார்கள். அடிப்படை இதுதான். பிரிட்டனில் சுமார் 5,100 வீடுகளோடு பார்ப் இயங்கிய ஆண்டுகளில் ஒரு குழு உறுப்பினர் சராசரியாக 5,000 பேருக்காக நின்றார்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மக்கள்தொகை மதிப்பீட்டை அவ்வப்போது திருத்துவார்கள். உங்கள் நிகழ்ச்சியை 40 லட்சம் பேரில் 5 சதவீதம் பார்த்தால் 2 லட்சம். மதிப்பீடு 44 லட்சமாக மாறிய வாரத்தில் அதே 5 சதவீதம் 2.2 லட்சம். 10 சதவீத வளர்ச்சி! புதிதாக ஒருவர்கூடப் பார்க்கவில்லை. திருத்தம் நடந்த தேதிகளை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். அந்தத் தேதியைத் தாண்டி ஒப்பிடும்போது ஆட்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சதவீதத்தை எடுங்கள்.

4. நான்கு எண்களையும் கையால் ஒருமுறை கணக்கிடுங்கள்

மென்பொருளை மூடிவிட்டு, தாளில் போடுங்கள். பத்துப் பேர் கொண்ட ஒரு சின்ன உலகம். 30 நிமிட நிகழ்ச்சி. நாலு பேர் முழுவதும் பார்க்கிறார்கள், இரண்டு பேர் 15 நிமிடம் பார்க்கிறார்கள், மீதி நாலு பேர் பார்க்கவே இல்லை.

மொத்தம் பார்த்த நிமிடங்கள்: 4 × 30, அதோடு 2 × 15. ஆக 150. இதை நிகழ்ச்சியின் 30 நிமிடத்தால் வகுத்தால் 5. அதாவது எந்த ஒரு நிமிடத்தை எடுத்தாலும் சராசரியாக ஐந்து பேர் பார்த்தார்கள். இதுதான் சராசரி நிமிடப் பார்வையாளர்கள். இது மொத்தத்தில் 50 சதவீதம், ரேட்டிங் 50. எட்டிப் பார்த்தவர்கள் ஆறு பேர், ஆக ரீச் 60 சதவீதம். பார்த்தவர் ஒருவர் சராசரியாகச் செலவிட்ட நேரம் 150-ஐ 6-ஆல் வகுத்தால் 25 நிமிடம்.

"இத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள்" என்று வரும் செய்திகளில் பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். ஒரு நிகழ்ச்சிக்கு ரீச்சும் இன்னொன்றுக்குச் சராசரி நிமிடமும் எடுத்து ஒப்பிட்டுவிடுவார்கள். ரீச் வழக்கமாகப் பெரிதாகத்தான் இருக்கும். அதிலும் குறைந்தபட்சம் எவ்வளவு நேரம் பார்த்தால் ரீச்சில் சேரும் என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒரு நிமிடம் போதும் என்பவர்கள் உண்டு, தொடர்ந்து மூன்று நிமிடம் வேண்டும் என்பவர்கள் உண்டு, 15 நிமிட ரீச்சும் உண்டு. எந்த வரையறை என்று எழுதாத ரீச் எண்ணை நான் இப்போது அறிக்கையில் சேர்ப்பதே இல்லை.

அப்புறம் ஷேர். அந்த நேரத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்களில் உங்கள் பங்கு. 1,000 பேரில் 400 பேர் டிவி பார்க்கும் மாலையில் உங்களை 100 பேர் பார்த்தால் ரேட்டிங் 10, ஷேர் 25. நள்ளிரவில் 100 பேர்தான் விழித்திருந்து டிவி பார்க்கிறார்கள், அதில் 40 பேர் உங்களைப் பார்க்கிறார்கள் என்றால் ரேட்டிங் 4, ஷேர் 40. ஷேர் ஏறுகிறது, பார்வையாளர் குறைகிறார். இரண்டும் உண்மை. போட்டியை மதிப்பிட ஷேர் பாருங்கள், விளம்பரம் விற்க ரேட்டிங் பாருங்கள்.

ரீச்சைக் கூட்டாதீர்கள். திங்கட்கிழமை 10 சதவீதம், செவ்வாய் 12 சதவீதம் என்றால் இரண்டு நாளுக்கு 22 என்று ஆகாது. பாதிப் பேர் இரண்டு நாளும் பார்த்தவர்களாக இருக்கலாம். சேர்ந்த ரீச் வேண்டுமென்றால் மென்பொருளிடமே தனியாகக் கேட்க வேண்டும்.

5. எழுதும் முன் அடிப்படை எண்ணிக்கையைப் பாருங்கள்

இந்த ஒரு படிக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

மாதிரியிலிருந்து வரும் எந்த எண்ணுக்கும் இருபக்கமும் ஒரு தள்ளாட்டம் உண்டு. கணக்கு எளிது. ரேட்டிங்கைப் பின்னமாக எழுதுங்கள் (5 சதவீதம் என்றால் 0.05). அதை, ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் வருவதோடு பெருக்குங்கள் (0.05 × 0.95). மாதிரி எண்ணிக்கையால் வகுங்கள். வர்க்கமூலம் எடுங்கள். இரண்டால் பெருக்குங்கள். கிடைப்பது, நூற்றுக்கு 95 தடவை உண்மை எண் இருக்கக்கூடிய எல்லை.

1,000 பேர் மாதிரியில் ரேட்டிங் 5 என்றால் உண்மை ஏறக்குறைய 3.6-க்கும் 6.4-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். 400 பேர் மாதிரியில் ரேட்டிங் 1 என்றால் எல்லை கிட்டத்தட்ட பூஜ்யத்திலிருந்து 2 வரை. ஆமாம், பூஜ்யத்திலிருந்து. அந்த 1 என்பது 1.3 ஆனாலும் 0.7 ஆனாலும் அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது. எடைகளும், ஒரே வீட்டில் பலர் சேர்ந்து பார்ப்பதும் இந்தத் தள்ளாட்டத்தை இன்னும் கொஞ்சம் கூட்டவே செய்யும். ஒரு வாரத்தில் பல நாள் ஓடும் தொடரின் சராசரியை எடுத்தால் கொஞ்சம் குறையும்.

மென்பொருள் 0.83 என்று இரண்டு தசமம் காட்டும்போது துல்லியமாக அளந்ததுபோலத் தோன்றும். தசமங்கள் கணக்கிலிருந்து வருகின்றன, அளவீட்டிலிருந்து அல்ல. சிறிய பிரிவுகளுக்கு நான் செய்வது: பிரிவை அகலமாக்குகிறேன், அல்லது நாலு வாரச் சராசரி எடுக்கிறேன். இந்தியாவில் 2020 அக்டோபரில் நிறுத்தப்பட்ட செய்திச் சேனல்களின் ரேட்டிங் 2022 மார்ச்சில் திரும்பவும் வெளிவந்தபோது, நாலு வார நகரும் சராசரியாகவே வந்தது. அளக்கிறவர்களே அப்படித் தருகிறார்கள் என்றால் நாம் ஒரு வார எண்ணை வைத்து ஒருவருடைய வேலையை எடைபோடக் கூடாது.

மேலாளர் "ஏன் இறங்கியது?" என்று கேட்டால் "இந்த மாதிரி அளவில் இது இறக்கம் என்று சொல்ல முடியாது" என்று பதில் எழுதுங்கள். முதல் தடவை எழுதக் கை தயங்கும். எழுதிவிடுங்கள்.

6. எந்தத் தேதித் தரவு என்று ஒவ்வொரு எண்ணுக்கும் எழுதுங்கள்

ஒரே நிகழ்ச்சிக்கு மூன்று எண்கள் இருக்கலாம். மறுநாள் காலையில் வருவது, ஏழு நாளில் பதிவு செய்து பார்த்தவர்களையும் சேர்த்து வருவது, 28 நாள் வரை சேர்த்து வருவது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இப்படி. இந்தியாவில் சனி முதல் வெள்ளி வரையான வாரத்தின் தரவு அடுத்த வியாழக்கிழமை வருவது வழக்கம். அமெரிக்க விளம்பர வியாபாரத்தில் நிகழ்ச்சிக்குப் பதிலாக விளம்பர இடைவேளையின் சராசரியை, மூன்று நாளுக்குள் பதிவு செய்து பார்த்தவர்களையும் சேர்த்து எடுக்கும் வழக்கம் 2007-ல் வந்தது.

பொறி: போன வாரத்துக்கு முழுத் தரவும் இந்த வாரத்துக்கு மறுநாள் தரவும் எடுத்து ஒப்பிடுவது. நாடகத் தொடர்கள் எல்லாம் திடீரென்று வீழ்ந்ததுபோல இருக்கும், ஏனென்றால் அவற்றைத்தான் பலர் பிறகு பார்க்கிறார்கள். நேரலை விளையாட்டுக்குப் பெரிய மாற்றம் இருக்காது.

தொலைக்காட்சி நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை. பல அமைப்புகளில் விடியற்காலை 2 மணிக்கோ 6 மணிக்கோ தொடங்கும். அட்டவணையில் 25:30 என்று இருந்தால் பிழை என்று திருத்தாதீர்கள். அது மறுநாள் அதிகாலை 1:30. நிகழ்ச்சி அறிவித்த நேரத்துக்கு ஆறு நிமிடம் தாமதமாகத் தொடங்கியிருந்தால், கணக்கு உண்மையான நேரத்துக்கா அறிவித்த நேரத்துக்கா, இடைவேளை விளம்பரங்கள் சேர்ந்தா சேராமலா, மறுஒளிபரப்பு தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

7. செலவுக் கணக்கு

தரவு இலவசமில்லை. ஆண்டுச் சந்தா ஒரு பகுதிதான். ஒப்பந்தம் பேசும்போது கேட்க வேண்டியவை: மென்பொருளை எத்தனை பேர் பயன்படுத்தலாம், பழைய ஆண்டுகளின் தரவு அதில் அடங்குமா, எல்லா வட்டாரங்களும் உண்டா, வாடிக்கையாளருக்குக் காட்டலாமா, தனி அறிக்கைக்குத் தனிக் கட்டணமா. சிறிய தயாரிப்பு நிறுவனமாக இருந்தால் முழுச் சந்தாவுக்குப் போகாதீர்கள். ஒரு நிகழ்ச்சிக்கான அறிக்கையை மட்டும் வாங்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். உங்கள் நிகழ்ச்சியை ஒளிபரப்பும் சேனலிடம் வாராந்தர எண்களைத் தரச் சொல்லி ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துக்கொள்வது இதைவிட எளிது.

புதிய சேனல் தொடங்குபவர்களுக்கு: வாட்டர்மார்க் முறையில் அளக்கும் இடத்தில், குறியீடு புதைக்கும் கருவி உங்கள் ஒளிபரப்புச் சங்கிலியில் இல்லாவிட்டால் நீங்கள் அளவீட்டில் இருக்கவே மாட்டீர்கள். ஒளிபரப்பு தொடங்கும் தேதியை முடிவு செய்யும் முன்பே இந்தப் பேச்சைத் தொடங்குங்கள். மாற்றுக் கருவி ஒன்றும் கைவசம் வேண்டும். கருவி நின்றுபோனால் அந்த மணிநேரம் திரும்பக் கிடைக்காது.

விளம்பரம் வாங்குபவர்கள் ஒரு ரேட்டிங் புள்ளிக்கு ஆகும் செலவைப் பார்ப்பார்கள். விளம்பரத்துக்கு 60,000 வாங்கும் நிகழ்ச்சியின் ரேட்டிங் 4 என்றால் புள்ளிக்கு 15,000. வெறும் 20,000 வாங்கும் நிகழ்ச்சியின் ரேட்டிங் 1 என்றால் புள்ளிக்கு 20,000. மலிவாகத் தெரிவதுதான் விலை அதிகம். ஒப்பிடும்போது விளம்பரத்தின் நீளம் ஒன்றாக இருக்கட்டும். பல தடவை ஓடிய விளம்பரத்தின் ரேட்டிங்குகளைக் கூட்டினால் வருவது ஜிஆர்பி. 20 ஜிஆர்பி என்றால் 20 சதவீத மக்கள் பார்த்தார்கள் என்று பொருளில்லை. 10 சதவீதம் பேர் சராசரியாக இரண்டு தடவை பார்த்திருக்கலாம்.

8. இணைய 'வியூஸ்' எண்ணோடு சேர்க்கச் சொன்னால்

சேர்க்காதீர்கள். இணையத் தளங்களில் சில நொடிகள் ஓடினாலே ஒரு வியூ என்று எண்ணும் இடங்கள் உண்டு. டிவி ரேட்டிங் நிமிடச் சராசரி. சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்றால், இணையத்தில் மொத்தம் எத்தனை நிமிடம் பார்க்கப்பட்டது என்று வாங்கி, நிகழ்ச்சியின் நீளத்தால் வகுத்து, அதையும் சராசரி நிமிடமாக்கிவிட்டு அருகருகே வையுங்கள். கைபேசிக்கு முன் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அந்த எண்ணில் இல்லை என்று கீழே ஒரு குறிப்பும் எழுதுங்கள்.

9. மாதிரி வீடு எது என்று தெரியவந்தால்

இந்தத் துறையில் இருந்தால் எப்போதாவது காதில் விழும்: "எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மீட்டர் இருக்கிறது." விளையாட்டாகக்கூட அந்த வீட்டுக்காரரிடம் உங்கள் நிகழ்ச்சியைப் பற்றிப் பேசாதீர்கள், விலாசத்தை யாரிடமும் சொல்லாதீர்கள். 150 பேர் கொண்ட பிரிவில் ஒரு வீட்டின் நாலு பேர் சேனல் மாற்றினால் ரேட்டிங் இரண்டரைப் புள்ளிக்கு மேல் நகரும். அளக்கும் அமைப்புக்கு அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். வீடு தெரிந்துவிட்டது என்றால் அதைக் குழுவிலிருந்து மாற்ற வேண்டியது அவர்கள் பொறுப்பு. நீங்கள் அனுப்பிய கடிதத்தின் நகல் ஒன்றைத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.